விலை இறங்கியும் விஆர் விளையாட்டு ஏன் வீட்டுக்குள் நிலைக்கவில்லை?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கும் தந்தை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: பத்தாண்டுக்கு மேலாக ‘இதோ வந்துவிட்டது’ என்று சொல்லப்பட்டுவரும், தலையில் மாட்டிக்கொண்டு கணினி காட்டும் உலகத்துக்குள் நுழைந்து ஆடும் விஆர் (மெய்நிகர்) விளையாட்டுக் கருவிகள், பிளேஸ்டேஷனையும் நின்டெண்டோ ஸ்விட்சையும் போல ஏன் வீடுதோறும் பரவவில்லை? விலைதான் தடை என்றால், விலை குறைந்த பிறகும் நிலைமை ஏன் மாறவில்லை? பதினொரு வயது மகன் அதையே பிறந்தநாள் பரிசாகக் கேட்டுக்கொண்டிருப்பதால், வாங்கித் தரலாமா என்பதையும் சேர்த்துக் கேட்கிறார். விஆர் பயிற்சி மென்பொருள் உருவாக்கும் குழுவொன்றில் சில ஆண்டுகளாக வேலை செய்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விலையும் படத்தின் தெளிவும் வாங்குவதற்கு முன்னால் நிற்கும் தடைகள். அவற்றின் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. தீராமல் இருப்பது வாங்கிய பிறகு வருவது. ஒவ்வொரு முறை விளையாட நினைக்கும்போதும் அந்தக் கருவி நம்மிடமும் நம் வீட்டிடமும் வீட்டிலுள்ள மற்றவர்களிடமும் கேட்கும் ஆயத்தமே இன்றைய உண்மையான தடை என்பது என் கணிப்பு.

விலையின் கதையை முதலில் முடித்துவிடலாம். பால்மர் லக்கி 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணைய நிதிதிரட்டுத் தளம் வழியாகத் திரட்டிய சுமார் 2.4 மில்லியன் அமெரிக்க வெள்ளியில் தொடங்கிய ஆக்குலஸ் நிறுவனத்தை, 2014இல் ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) ஏறத்தாழ 2 பில்லியன் வெள்ளிக்கு வாங்குவதாக அறிவித்தது. பொதுமக்களுக்கான அதன் முதல் விஆர் கருவியான ரிஃப்ட் 2016 மார்ச்சில் 599 அமெரிக்க வெள்ளிக்கு வந்தபோது, அதை ஓட்டுவதற்கு வலுவான கணினி தேவைப்பட்டது. இரண்டையும் சேர்த்து விற்ற தொகுப்புகள் 1,499 வெள்ளியில் தொடங்கின. அடுத்த மாதம் வந்த ஹெச்டிசி வைவ் 799 வெள்ளி. அக்காலத்தில் விலையைக் காரணம் சொன்னவர்கள் சரியாகவே சொன்னார்கள். ஆனால் 2019இல், கணினியே தேவைப்படாத, ஆக்குலஸின் அடுத்த கருவியான குவெஸ்ட் 399 வெள்ளிக்கும், 2020இல் குவெஸ்ட் 2 வெறும் 299 வெள்ளிக்கும் வந்துவிட்டன. இடையில் விலை ஏறியிறங்கினாலும், 2024இல் வந்த குவெஸ்ட் 3எஸ் மீண்டும் அதே 299 வெள்ளியில் தொடங்கியது. நம் பணத்தில் ஏறத்தாழ 400 வெள்ளி. 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். நின்டெண்டோ ஸ்விட்ச் 2017இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலையும் ஏறத்தாழ அதே 299 வெள்ளிதான். ஸ்விட்ச் உலகெங்கும் 150 மில்லியனுக்கு மேல் விற்றிருக்கிறது. விஆர் கருவி எதுவும் அந்த எண்ணுக்கு அருகில்கூடச் செல்லவில்லை. ஒரே விலையில் கிடைக்கும் இரண்டு பொருள்களில் ஒன்று மட்டும் பரவினால், காரணத்தை விலைச்சீட்டில் தேடிப் பயனில்லை.

ஆப்பிளின் விஷன் புரோ 2024 ஜூனில் சிங்கப்பூரில் 5,299 வெள்ளிக்கு விற்பனைக்கு வந்ததைச் சுட்டிக்காட்டி ‘இந்த விலைக்கு யார் வாங்குவார்’ என்று கேட்பவர்கள் உண்டு. அது விளையாட்டுக் கருவியாக உருவாக்கப்படவே இல்லை. கையில் பிடித்து விளையாடும் கட்டுப்பாட்டுக் கருவிகூட அதனுடன் வரவில்லை. அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

விற்பனையைவிட முக்கியமான எண் வேறொன்று. 2023 தொடக்கத்தில் மெட்டா நிறுவனத்தின் உள்கூட்டமொன்றில் பேசப்பட்டவை செய்தியாக வெளிவந்தன. குவெஸ்ட் கருவிகள் ஏறத்தாழ 20 மில்லியன் விற்றிருப்பதாகவும், ஆனால் பின்னர் வாங்கியவர்கள் தொடக்கத்தில் வாங்கியவர்கள் அளவுக்கு அவற்றைப் பயன்படுத்தவில்லை என்றும் அதில் சொல்லப்பட்டது. விஆர் பிரியர்கள் என்ன ஆனாலும் விளையாடுவார்கள். விலை குறைந்ததால் உள்ளே வந்த சாதாரணக் குடும்பங்கள், சில வாரங்களில் கருவியை அலமாரியில் வைத்துவிட்டன. சோனியின் கணக்கும் இதை ஒட்டியதே. 2019 முடிவில் பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) 106 மில்லியன் விற்றிருந்தது. அதனுடன் இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் விஆர் 5 மில்லியன். கணினி விளையாட்டுத் தளமான ஸ்டீம் மாதந்தோறும் வெளியிடும் கணக்கெடுப்பிலும் விஆர் கருவி வைத்திருப்பவர்கள் பல ஆண்டுகளாக 2 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறார்கள்.

அலமாரிக்கு ஏன் போகிறது என்பதை நம் வீட்டை வைத்தே பார்க்கலாம். இப்போது கட்டப்படும் நான்கறை வீடு ஏறத்தாழ 90 சதுர மீட்டர். நின்று நடந்து விளையாடும் விளையாட்டுகளுக்கு மெட்டா பரிந்துரைக்கும் காலியிடம் 2 மீட்டருக்கு 2 மீட்டர். படுக்கையறையில் கட்டிலும் அலமாரியும் போக அந்த இடம் கிடைக்காது. வரவேற்பறையில் சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே உள்ள காப்பி மேசையை நகர்த்தினால் கிடைக்கும். நகர்த்துவது ஒரு நிமிட வேலைதான். ஆனால் அந்த நேரத்தில் பாட்டி தொடர் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அக்காள் சாப்பாட்டு மேசையிலிருந்து குளிரூட்டி இருக்கும் அறைக்குப் போய்வரக் கூடாது, தம்பி தரையில் விளையாடக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கையை வீசும் ஒருவருக்காக வீட்டின் பொது இடம் முழுவதும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் விளையாடுபவரும் ஸ்விட்சில் விளையாடுபவரும் யாரையும் நகரச் சொல்வதில்லை. சாங்கியிலிருந்து ஜூரோங் வரை எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே ஓர் ஆட்டத்தை முடித்துவிடும் பிள்ளைகள் வாழும் ஊர் இது. ஆட்டத்துக்கு முன் அறையைத் தயார்செய் என்று சொல்லும் கருவிக்கு இங்கே போட்டி மிகக் கடுமையானது.

இதில் மின்விசிறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் காணொளி விமர்சனங்களில் இது பெரும்பாலும் வருவதில்லை. வீவக வீடுகளின் கூரை உயரம் பொதுவாக 2.6 மீட்டர். விசிறி தொங்கும் தண்டைக் கழித்தால் இறக்கைகள் ஏறத்தாழ 2.3 மீட்டர் உயரத்தில் சுழலும். 1.75 மீட்டர் உயரமுள்ளவர் கையை மேலே நீட்டினால் விரல் நுனியே ஏறக்குறைய அந்த உயரத்தைத் தொட்டுவிடும்; கையிலோ கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. தலையில் மாட்டும் ஹெட்செட் நம்மைச் சுற்றி ஒரு பாதுகாப்பு எல்லையைக் காட்டும் என்பது உண்மை. அந்த எல்லை பக்கவாட்டுச் சுவராக மட்டுமே எழும். தலைக்குமேல் எதுவும் காட்டாது. மேலிருந்து வரும் பந்தைத் தடுக்கவோ மலையேறும் விளையாட்டில் அடுத்த பிடியைப் பற்றவோ கையை வேகமாக உயர்த்தினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. விசிறியை நிறுத்திவிடலாம், நிறுத்தினால் ஐந்தே நிமிடத்தில் வியர்க்கும். ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும் நாட்டில், முகத்தோடு ஒட்டிய பஞ்சு வியர்வையை உறிஞ்ச, கண்ணாடி வில்லைகளில் ஆவி படியும். குளிரூட்டி உள்ள அறையில் இடமில்லை, இடமுள்ள அறையில் குளிரூட்டி இல்லை என்ற நிலை நம்மில் பலருக்கு உண்டு.

சத்தமும் இருக்கிறது. குதித்தால் கீழ்வீட்டுக் கூரையில் இடிப்பது போலக் கேட்கும். இரவு 10.30 மணிக்குப் பிறகு அமைதி காக்கும்படி அறிவுறுத்தப்படும் அடுக்குமாடிக் குடியிருப்பில், வேலையிலிருந்து திரும்பி, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்த பெரியவருக்கு விளையாடக் கிடைக்கும் நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது கண்ணாடி. சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 முடிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினருக்கும் இளம்வயதினரில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களுக்கும் கிட்டப்பார்வை இருப்பதாகக் கண் மருத்துவர்கள் சொல்லிவருகிறார்கள். உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று இது. மூக்குக்கண்ணாடியோடு ஹெட்செட்டை மாட்டலாம். சட்டம் அகலமாக இருந்தால் கன்னப்பொட்டில் அழுத்தும், கழற்றும்போது கண்ணாடி முகத்திலிருந்து உருவப்பட்டு ஹெட்செட்டுக்குள்ளேயே தங்கிவிடும், கண்ணாடியின் வில்லை ஹெட்செட்டின் வில்லையில் உரசினால் அழியாத கீறல் விழும். பார்வை அளவுக்கேற்பச் செய்து உள்ளே பொருத்தும் வில்லைகள் கிடைக்கின்றன. அவற்றுக்குத் தனிச் செலவு. மேலும் அப்பாவின் வில்லையோடு மகள் பார்க்க முடியாது. ஒரு குடும்பம் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்வதுதான் கேம் கன்சோல்களின் பலம். இந்தக் கருவி அந்த இடத்திலேயே ஒருவருடைய சொந்தப் பொருளாகிவிடுகிறது.

கண்களுக்கு இடைப்பட்ட தூரம் இதைவிட நுட்பமான சிக்கல். பெரியவர்களுக்கு அது சராசரியாக 63 மில்லிமீட்டர். குவெஸ்ட் 2 கருவியில் 58, 63, 68 என்று மூன்றே நிலைகள். குவெஸ்ட் 3இல் சக்கரத்தைச் சுழற்றித் தேவையான அளவில் நிறுத்தலாம். விலை குறைந்த குவெஸ்ட் 3எஸ் மீண்டும் அந்த மூன்று நிலைகளுக்கே திரும்பியது. குவெஸ்ட் 3ஐவிடக் குறைந்த 200 அமெரிக்க வெள்ளியில் ஒரு பகுதி இங்கிருந்துதான் வந்தது. இரு நிலைகளுக்கு நடுவே விழும் கண்களுக்கும், 58க்கும் குறைவான இடைவெளி கொண்ட சிறுவர்களுக்கும் சில பெண்களுக்கும் படம் லேசாக மங்கும், கண் சோரும், தலைவலி வரும். பெண்களுக்கு விஆர் குமட்டல் அதிகம் என்று பரவலாகச் சொல்லப்பட்டுவந்ததற்கு, கருவி அவர்கள் கண்ணிடைவெளிக்குப் பொருந்தாததே பெரும் காரணம் என்று 2020இல் வெளிவந்த ஆய்வொன்று சுட்டிக்காட்டியது. பொருந்தாத கருவியை மாட்டி அவதிப்பட்டவர், ‘எனக்கு விஆர் ஒத்துக்கொள்ளாது’ என்று தன் உடம்பைக் குறைசொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

கருவியை உருவாக்கியவர்கள் எந்தத் தலையை மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதை உறவினர் வீட்டுத் தீபாவளி விருந்தொன்றில் கண்ணாரப் பார்த்தேன். புதிதாக வாங்கிய ஹெட்செட்டை வந்தவர்கள் எல்லாரும் ஒருமுறை மாட்டிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். பின்பக்கப் பட்டை கொண்டையில் தட்டி நின்றது. அதை இறக்கினால் மல்லிகைச் சரம் நசுங்கியது. முகப்பஞ்சில் முதல் சித்தப்பாவின் விபூதி வெள்ளையாகப் படிந்தது, அடுத்து அத்தையின் குங்குமம், அதற்கடுத்த சின்னம்மாவின் ஒட்டுப்பொட்டு உள்ளேயே ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது ஆளிடம் நீட்டியபோது அவர் பஞ்சை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘பரவாயில்லை, பிறகு பார்க்கலாம்’ என்று முறுக்குத் தட்டின் பக்கம் திரும்பிவிட்டார். மாட்டியிருந்தவர் தனியாகச் சிரித்தார், அலறினார்; சுற்றியிருந்த பதினைந்து பேர் அவர் எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று தெரியாமல் நின்றார்கள். படத்தைத் தொலைக்காட்சியிலும் காட்டலாம்தான். ஆனால் அது தலை ஆடுவதற்கேற்ப ஆடி, பார்ப்பவர்களைக் கிறுகிறுக்க வைத்தது. அதே வீட்டில் சற்று நேரம் கழித்துக் கரவோக்கேயைப் போட்டார்கள். பாடியவர் ஒருவர்தான், ஆனால் கூடம் முழுவதும் கலகலத்தது. கூடியிருப்பவர்களை மகிழ்விக்காத விளையாட்டுப் பொருள் கூட்டுக்குடும்பத்தில் நெடுநாள் தாக்குப்பிடிப்பது கடினம்.

இனி உடல் சார்ந்த தடைக்கு வருவோம். கண் ஓடுவதாகச் சொல்லும்போது உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு நிற்பதாகச் சொன்னால், மூளை குழம்பிக் குமட்டலை வரவழைக்கிறது. பேருந்தில் புத்தகம் படிக்கும்போது நேர்வது இதன் மறுதலை. தலை திரும்பியதற்கும் படம் மாறுவதற்கும் இடையே உள்ள தாமதம் 20 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும், படம் நொடிக்கு 72 அல்லது 90 முறையாவது புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற நிலையைத் தொழில்நுட்பம் எட்டிவிட்டது. 1995இல் நின்டெண்டோ வெளியிட்டு அடுத்த ஆண்டே கைவிட்ட வர்ச்சுவல் பாயின் சிவப்புத் திரையோடு ஒப்பிட்டால் இது வேறொரு யுகம். ஆனால் தாமதத்தைக் குறைத்துத் தீர்க்க முடிந்தது தலையசைவால் வரும் குமட்டலை மட்டுமே. விளையாட்டுக்குள் நான் ஓடும்போது என் கால் ஓடவில்லை என்ற முரண்பாட்டை எந்தக் கணினிச் சில்லாலும் தீர்க்க முடியாது. கண்களின் வேறொரு முரண்பாடும் இதனோடு சேர்கிறது. அருகிலுள்ள பொருளைப் பார்க்க இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. ஆனால் குவியம் மட்டும் ஒன்று அல்லது இரண்டு மீட்டர் தொலைவிலேயே நிலையாக இருக்கிறது, ஏனெனில் வில்லை அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. நெடுநேரம் விளையாடினால் வரும் கண்சோர்வுக்கு இதுவும் ஒரு காரணம்.

இது விளையாட்டுகளின் வடிவத்தையே தீர்மானித்துவிட்டது. விஆரில் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றான பீட் சேபரில் ஆடுபவர் நின்ற இடத்திலேயே நின்று, எதிரே வரும் கட்டைகளை இசைக்கேற்ப வெட்டுகிறார். நடக்க வேண்டியதில்லை, அதனால் குமட்டலும் இல்லை. வால்வ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ், இன்றுவரை விஆரின் உச்சமாகப் பலரும் சொல்வது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் முறையையும் வழங்குகிறது. கொரில்லா டேக்கில் கையால் தரையை உந்திக் குரங்குபோல ஓடுகிறார்கள். கை உழைப்பதால் சிலருக்குக் குமட்டல் குறைகிறது. வேறு சில விளையாட்டுகள் ஓடும்போது பார்வையின் ஓரங்களைக் கறுப்பாக்கிவிடுகின்றன. எல்லாமே புத்திசாலித்தனமான தீர்வுகள். ஆனால் மக்கள் உண்மையில் ஆசைப்படும் காற்பந்து, துப்பாக்கிச் சண்டை, பரந்த உலகில் சுற்றித்திரியும் கதைகள் ஆகிய எல்லாம் தாராளமான ஓட்டத்தை வேண்டுபவை. பழகினால் குமட்டல் குறையும் என்பது உண்மை. சில நிமிடம் விளையாடி நிறுத்தி, மறுநாள் சற்றுக் கூட்டி, இப்படியே பழக வேண்டும். பொழுதுபோக்குக்காக வாங்கிய பொருளுக்கு இவ்வளவு பொறுமையுடன் பயிற்சி எடுக்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

எடையையும் மின்கலத்தையும் விரைவாகக் கடந்துவிடலாம். குவெஸ்ட் 3 சுமார் 515 கிராம், ஏறக்குறைய முழுவதும் முகத்தின் முன்புறம். மின்கலம் இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். பெரும்பாலானவர்களின் கழுத்து அதற்கு முன்பே ஓய்வு கேட்டுவிடும்.

மக்கள் தொடர்ந்து பயன்படுத்தாததன் விளைவு விளையாட்டு உருவாக்குநர்கள் மீது விழுகிறது. பெரிய விளையாட்டொன்றை உருவாக்கப் பல்லாண்டும் பல மில்லியன் வெள்ளியும் ஆகும். விளையாடும் கூட்டம் சிறியது என்றால் அந்தப் பணம் திரும்பாது. அதனால் பெரிய நிறுவனங்கள் தயங்குகின்றன, நல்ல விளையாட்டு குறைகிறது, வாங்கியவர் சலித்துப்போகிறார், கூட்டம் மேலும் சிறுக்கிறது. மெட்டா தன் கையிலிருந்து பணம் போட்டு இந்தச் சுழலை உடைக்கப் பார்த்தது. அதன் விஆர் பிரிவான ரியாலிட்டி லேப்ஸ் 2024இல் மட்டும் 17.7 பில்லியன் அமெரிக்க வெள்ளி நட்டம் காட்டியது. அந்தப் பணத்தில் விளையாட்டுக்குப் போனது ஒரு பகுதியே என்றாலும், அதுவும் வற்றத் தொடங்கிவிட்டது. 2021இல் ஆரவாரத்துடன் அறிவிக்கப்பட்ட கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ் விஆர் பதிப்பு, 2024இல் காலவரையின்றித் தள்ளிவைக்கப்பட்டது. லோன் எக்கோ என்ற விஆர் விளையாட்டை உருவாக்கிய, மெட்டாவின் ரெடி அட் டான் நிறுவனம் அதே ஆண்டு மூடப்பட்டது. அதன் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டான எக்கோ விஆரை 2023 ஆகஸ்டிலேயே நிறுத்தியிருந்தார்கள். சோனியும் 2024இல் தன் லண்டன் ஸ்டூடியோவை மூடியது.

கூட்டம் சிறியது என்பதை சிங்கப்பூரில் இருப்பவர் கூடுதலாக உணர்வார். பலர் சேர்ந்து ஆடும் விஆர் விளையாட்டுகளில் பெரும்பகுதியினர் அமெரிக்கர்கள். நம் பிள்ளை பள்ளி முடிந்து மாலை 5 மணிக்கு உள்ளே நுழையும்போது நியூயார்க்கில் விடியற்காலை. ஆட்ட அறைகளில் ஆளிருக்காது.

பலர் பேசாத இன்னொரு தடை நம்பிக்கையிழப்பு. வாங்கிய கருவி எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. கூகலின் டேட்ரீம் விஆர் தளம் 2016இல் வந்து 2019இல் முடிந்தது. 2023இல் வந்த பிளேஸ்டேஷன் விஆர்2 முந்தைய கருவியின் விளையாட்டுகளை ஏற்கவில்லை, 549.99 அமெரிக்க வெள்ளி என்ற அதன் தொடக்க விலை, அதை இயக்கத் தேவையான பிஎஸ்5 கருவியின் அன்றைய விலையைவிட அதிகம். மைக்ரோசாஃப்ட் 2017இல் பல கணினி நிறுவனங்களுடன் சேர்ந்து கொண்டுவந்த விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியை 2023 டிசம்பரில் கைவிடுவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பில் அகற்றியே விட்டது. 2020இல் 599 வெள்ளி கொடுத்து ஹெச்பி ரிவர்ப் ஜி2 வாங்கியவரின் கருவியில் எந்தப் பழுதும் இல்லை, ஆனால் புதிய விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் அதை ஆதரிப்பதில்லை. குவெஸ்ட் 2 வந்தபோது ஃபேஸ்புக் கணக்கு இல்லாமல் அதைத் திறக்கவே முடியவில்லை. எதிர்ப்பு வலுத்து 2022இல்தான் அந்த நிபந்தனை நீங்கியது. நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. சிங்கப்பூரர் மின்-லியாங் டான் தலைமையிலான ரேசர் நிறுவனம் 2015 ஜனவரியில் ஓஎஸ்விஆர் என்ற திறந்தநிலைத் தளத்தை அறிவித்தது. எந்த நிறுவனத்தின் கருவியும் எந்த விளையாட்டோடும் சேர்ந்து இயங்க வேண்டும் என்ற அதன் நோக்கம் மிகச் சரியானது. ஆனால் பணபலம் மிக்க மூடிய தளங்களின் முன் அது நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் இந்த நம்பிக்கையிழப்பில் பாதி நேர்ந்திருக்காது என்று நினைக்கிறேன்.

விஆர் விளையாட்டே மக்களுக்குப் பிடிக்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சாண்ட்பாக்ஸ் விஆர், ஜீரோ லேட்டன்சி போன்ற நிறுவனங்கள் பல நாடுகளில் நடத்தும் கூடங்களில் நண்பர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஆட்டத்துக்குத் தலைக்குப் பல பத்து வெள்ளி கொடுத்து விளையாடுகிறார்கள். அங்கே இடம் காலியாக இருக்கிறது, விசிறி தலையில் இடிக்காது, பணியாளர் கருவியைத் துடைத்துக் கண்ணிடைவெளியைச் சரிசெய்து மாட்டிவிடுகிறார், கூட வந்தவர்களும் அதே உலகத்துக்குள் இருக்கிறார்கள், நடப்பது உண்மையான காலால் என்பதால் குமட்டலும் குறைவு. நான் மேலே சொன்ன ஆயத்தம் முழுவதையும் வேறொருவர் ஏற்றுக்கொண்டால் மக்கள் பணம் கொடுக்கத் தயங்குவதில்லை. வீட்டில் அந்தப் பணியாளர் இல்லை.

வீட்டில் தொடர்ந்து விளையாடும் ஒரே பெருங்கூட்டம் சிறுவர்கள். இலவசமாக ஆடத்தக்க கொரில்லா டேக், உள்ளே விற்கும் தொப்பிகளாலும் அலங்காரங்களாலும் 100 மில்லியன் அமெரிக்க வெள்ளிக்கு மேல் வருமானம் ஈட்டியதாக 2024இல் அதன் உருவாக்குநர்கள் அறிவித்தார்கள். சிறுவர்களுக்குக் குமட்டல் சீக்கிரம் பழகிவிடுகிறது, காப்பி மேசையை நகர்த்துவது அவர்களுக்கு ஒரு வேலையே அல்ல, வியர்வையும் அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. அதனால் தளமே அவர்களை நோக்கிச் சாய்ந்துவருகிறது. 30, 40 வெள்ளி கொடுத்துக் கதை விளையாட்டு வாங்கும் பெரியவர்களை நம்பியிருந்த நிறுவனங்கள் திணறுகின்றன. பொது அறைகளில் நுழையும் பெரியவர் கூச்சலிடும் பிள்ளைகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வெளியேறுகிறார். தடை இப்போது இன்னொரு வடிவம் எடுத்திருக்கிறது.

புதிய கருவிகள் வரத்தான் செய்கின்றன. சாம்சங் 2025 அக்டோபரில் கேலக்ஸி எக்ஸ்ஆரை 1,799 அமெரிக்க வெள்ளிக்கு வெளியிட்டது. வால்வ் அடுத்த மாதம் ஸ்டீம் ஃபிரேமை அறிவித்தது. ஸ்டீம் ஃபிரேம் பட்டையோடு சேர்த்து ஏறத்தாழ 440 கிராம். கழுத்துக்கு நல்லது. காப்பி மேசையும் விசிறியும் அப்படியே இருக்கும்.

உங்கள் மகனுக்கு வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். மெட்டா 10 முதல் 12 வயதுள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கை அனுமதிக்கிறது. சோனி 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தன் கருவி கூடாது என்கிறது. பதினொரு வயதுக்கு ஆகவே தேர்வு ஏறத்தாழ முடிவாகிவிட்டது. வாங்குமுன் கருவி வைத்திருக்கும் நண்பர் வீட்டில் அவனை ஒரு பிற்பகல் விளையாட விட்டுப் பாருங்கள். அவனுடைய கண்ணிடைவெளியைக் கண்ணாடிக்கடையில் அளந்து தரச் சொல்லுங்கள், சில நிமிட வேலைதான். அளவு 58க்கு மிகக் குறைவாக இருந்தால் 3எஸ் வேண்டாம், ஓராண்டு பொறுத்திருங்கள். அவன் கண்ணாடி அணிபவன் என்றால் பொருத்து வில்லைகளையும் ஹெட்செட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கும் கடையில் வாங்குவதானால், பழுதானால் யார் பார்த்துத் தருவார்கள் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முகப்பஞ்சின் மேல் துடைக்கக்கூடிய சிலிக்கோன் உறை போடுங்கள். குவெஸ்ட் 2இன் பஞ்சு சிலருக்குத் தோல் எரிச்சல் தந்ததால் 2021இல் மெட்டாவே அத்தகைய உறையை இலவசமாகக் கொடுக்க நேர்ந்தது. விளையாடும் நேரத்தில் விசிறி நிற்கட்டும், மேசை விசிறியை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்செட்டைச் சன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள். வில்லை வழியாக உள்ளே புகும் நேரடி வெயில் சில நிமிடங்களிலேயே திரையைப் பொசுக்கிவிடும். பொதுவாக உத்தரவாதம் அந்தச் சேதத்தை ஏற்காது.